குண்டு விழுந்த வாரத்துல அவங்க எவ்வளவு பணம் எடுத்தாங்க?

நோட்டு, நாணயம் சேர்க்கிறவங்ககிட்ட போய் நான் என்ன சேர்க்கிறேன்னு சொன்னா முகமே ஒரு மாதிரி ஆயிடும். அவங்களுக்கு நோட்டு மொடமொடன்னு இருக்கணும், நடுவுல ஒரு மடிப்பு விழுந்திருந்தாலே மதிப்பு இறங்கிடும், எவனாவது ஓரத்துல பேனாவால ஒரு கூட்டல் போட்டு வச்சிருந்தா அவ்ளோதான், அதைத் தொடக்கூட மாட்டாங்க. எனக்கு அந்தக் கூட்டல்தான் வேணும். நான் சேர்க்கிறது போர்க்காலத்து பேங்க் காகிதம். பாஸ்புக், பணமாகி முத்திரை குத்தின செக், செக் புக்ல மிச்சம் நிக்கிற அடிக்கட்டை, டெபாசிட் சலான், மேனேஜர் எழுதின லெட்டர், சேமிப்புப் பத்திரம், ஸ்டாம்ப் ஒட்டுற அட்டை. முக்கால்வாசி ரெண்டாம் உலகப் போர் காலத்துது, கொஞ்சம் முதல் போர் காலத்துது.

இதுல என்ன இருக்கு, வெறும் கணக்குதானேன்னு கேப்பாங்க. வெறும் கணக்குங்கிறதாலதான் எனக்கு இது மேல இவ்ளோ பைத்தியம். டைரி எழுதுறவங்க என்னைக்காவது யாராவது இதைப் படிப்பாங்கன்னு மனசோட ஒரு மூலையில நெனச்சுக்கிட்டுதான் எழுதுறாங்க. போர்க்காலத்து லெட்டர்னா இன்னும் மோசம், நடுவுல சென்சார்காரன் பிரிப்பான்னு தெரியும், அம்மா பயப்படக் கூடாதுன்னு வேற இருக்கும், அதனால "நான் நல்லா இருக்கேன், இங்க ஒண்ணும் கவலை இல்ல"ங்கிறதைத் தாண்டிப் போகாது. ஆனா கவுன்ட்டர்ல நின்னு பத்து ஷில்லிங் எடுக்கிற மனுஷன் யாருக்காகவும் நடிக்கல, அவனுக்குப் பத்து ஷில்லிங் வேணும், எடுக்கிறான். அது தேதியோட, ஊரோட, கிளார்க் இனிஷியலோட பதிவாயிடுது.

பிரிட்டன் போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் பேங்க் பாஸ்புக்கை எடுத்துக்குவோம், ஏன்னா இந்தப் பொழுதுபோக்குல எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருளே அதுதான். அதுல ஒரு வசதி இருந்துச்சு, எந்த ஊர் போஸ்ட் ஆபீஸ்ல வேணாலும் போய் பணம் கட்டலாம். கட்டின ஒவ்வொரு தடவையும் அந்த ஆபீஸோட தேதி முத்திரையை வரிக்குப் பக்கத்துலயே குத்துவாங்க. அப்ப ஒரு ஆள் எந்த மாசம் எங்க இருந்தாங்கன்னு அந்தப் பக்கமே சொல்லிடும். என்கிட்ட இருக்கிற ஒரு புக்குல 1939 ஆகஸ்ட் வரைக்கும் எல்லாம் லண்டன் கிழக்குப் பக்க முத்திரை. செப்டம்பர்ல திடீர்னு மேற்கால ஒரு சின்ன ஊர். போர் அறிவிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே, செப்டம்பர் 1ல இருந்தே, பிள்ளைங்களையும் கைக்குழந்தைக்காரத் தாய்மாரையும் நகரத்தை விட்டு ரயிலேத்த ஆரம்பிச்சுட்டாங்க, மூணே நாள்ல சுமார் 15 லட்சம் பேர். இந்தப் புக்குக்காரங்களும் அந்தக் கூட்டத்துல போயிருக்கணும். டிசம்பர் கடைசியில பார்த்தா மறுபடி பழைய லண்டன் முத்திரை! எதிர்பார்த்த குண்டு விழல, இவங்க மாதிரி எத்தனையோ பேர் சலிச்சுப்போய் வீடு திரும்பிட்டாங்க, இது வரலாற்றுல நல்லா தெரிஞ்ச விஷயம்தான், ஆனா ரெண்டு முத்திரையைப் பக்கத்துல பக்கத்துல பாக்குறப்ப கெடைக்கிற உணர்வு வேற. அடுத்து 1940 செப்டம்பர் 7ல நிஜமான குண்டு விழ ஆரம்பிச்சு லண்டன் மேல 57 ராத்திரி ஜெர்மன்காரன் விடாம அடிச்சான், அந்த மாசம் மூணாவது வாரத்துல ஒரே ஒரு வரி, பணம் எடுத்திருக்காங்க, கட்டல. அதுக்கப்புறம் முத்திரை எல்லாம் வடக்குப் பக்க ஊர். போர்ங்கிற வார்த்தை அந்தப் புக்கு முழுக்க எங்கயும் கிடையாது.

வட்டி கணக்கும் ஒரு அழகு. வருஷத்துக்கு ரெண்டரை சதவீதம், அதாவது ஒரு பவுண்டுக்கு (அப்ப 240 பென்னி ஒரு பவுண்டு) வருஷம் ஆறு பென்னி, மாசத்துக்கு அரை பென்னி. 1861ல அந்த பேங்க் ஆரம்பிச்சப்ப வச்ச வட்டி, ரெண்டு உலகப் போர் வந்து போயும் அதை மாத்தல. வட்டி ஏத்துறதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை புக்கையே தலைமை ஆபீஸுக்குத் தபால்ல அனுப்பணும். குண்டு விழுற காலத்துலயும் ஜனங்க ஒன்பது பென்னி வட்டியை ஏத்திக்கிறதுக்காக புக்கை அனுப்பிட்டு அது திரும்பி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அன்றாட வாழ்க்கைன்னு நான் சொல்றது இதைத்தான்.

1941க்கு அப்புறம் இந்தப் புக்குகள்ல ஒரு மாற்றம் வரும், ஒண்ணு ரெண்டுல இல்ல, நான் பார்த்ததுல நெறைய புக்குல. கட்டுறது கூடிக்கிட்டே போகும், எடுக்கிறது கொறையும். அரசாங்கம் இதை தேசபக்தின்னு பெருமையா சொல்லிக்கிச்சு. இருக்கலாம், இல்லைங்கல. ஆனா 1940 ஜனவரியில சாப்பாட்டுப் பொருளுக்கு ரேஷன், 1941 ஜூன் 1ல இருந்து துணிக்கும் ரேஷன், பெட்ரோல் கிடையாது, ஃபர்னிச்சர் கிடையாது, ஃபேக்டரியில ஓவர்டைம் சம்பளம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. வாங்க ஒண்ணும் இல்லன்னா காசு பேங்க்லதான தங்கும்? இதுல ஊர் ஊருக்கு சேமிப்பு வாரம் வேற வச்சாங்க, கப்பல் வாரம், 1943ல விமானத்துக்கு, 1944ல சிப்பாய்க்குன்னு. எங்க ஊர் ஒரு போர்க்கப்பலுக்கே காசு சேர்த்துருச்சுன்னு போர்டு வச்சு அளந்தாங்க. என்கிட்ட இருக்கிற ஒரு புக்குல அப்படி ஒரு வாரத்துல பெரிய தொகை உள்ள போயிருக்கு, பதினஞ்சே நாள்ல அதே தொகை வெளிய வந்திருக்கு. ஊர் போர்டுல ஏறின அந்தக் காசுக்கு என்ன கணக்கு காட்டினாங்கன்னு எனக்கு அடிக்கடி சிரிப்பா இருக்கும்.

செக் வேற ஜாதி. செக்கை விட அடிக்கட்டைதான் எனக்குப் பொக்கிஷம். செக்ல யாருக்குன்னு மட்டும்தான் இருக்கும், எதுக்குன்னு அடிக்கட்டையிலதான் இருக்கும், அதுவும் வீட்டு ஆள் தனக்குப் புரியுற மாதிரி கிறுக்கினது. நிலக்கரி. பல் டாக்டர். ராத்திரி வெளிச்சம் விமானத்துக்குத் தெரியாம மறைக்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஸ்கூல் ஃபீஸ், மறுபடி ஸ்கூல் ஃபீஸ், அப்புறம் ஸ்கூல் ஃபீஸ் இல்ல. கறுப்புத் துணிக்குன்னு எழுதின அடிக்கட்டை 1939 செப்டம்பர்ல வரும், அதே புக்குல சில தாள் தள்ளி "கூரை, முன்பணம்"னு ஒண்ணு வரும், அதுக்கு நடுவுல என்ன நடந்திருக்கும்னு நாமதான் யோசிச்சுக்கணும். செக்லயும் பார்க்க வேண்டியது இருக்கு, அப்ப பிரிட்டன்ல ஒவ்வொரு செக்குக்கும் ரெண்டு பென்னி முத்திரைத் தீர்வை, 1918ல ஒரு பென்னியில இருந்து ஏத்தினது, அந்த முத்திரையை செக்லயே அழுத்தி வச்சிருப்பாங்க. போர் போகப் போக காகிதக் கட்டுப்பாட்டுல தாள் மெலிசாகுது, நிறம் மங்குது, வெளிச்சத்துல பிடிச்சா நார் நாரா தெரியும். இன்னொண்ணு, பேங்குங்க ஒருத்தருக்கொருத்தர் செக்கை மாத்திக்கிற இடமான லண்டன் கிளியரிங் ஹவுஸை போர் ஆரம்பத்துலயே ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ட்ரென்தம்ங்கிற இடத்துக்கு மாத்திட்டாங்க, அங்க ஒரு பெரிய நடன மண்டபத்துல உக்காந்து செக் பிரிச்சிருக்காங்க. லண்டன்ல ஒரு தெருவுல எழுதின செக்கு பக்கத்துத் தெரு பேங்குக்குப் போறதுக்கு அவ்ளோ தூரம் ரயில்ல போயிட்டு வந்திருக்கு!

கையெழுத்தைப் பார்க்கணும். அதுக்குன்னே ஒரு லென்ஸ் வச்சிருக்கேன். 1938ல ஒரே கை, சாய்ஞ்ச, அழகான, பள்ளிக்கூடத்துல பிரம்படி வாங்கிக் கத்துக்கிட்ட எழுத்து. 1940ல அந்தக் கை காணாம போயிடும், வேற ஒண்ணு வரும், அதுவும் போகும், அப்புறம் உருண்டையா இன்னொண்ணு வந்து போர் முடியுற வரைக்கும் நிக்கும். ஆம்பளை கிளார்க்குங்க பட்டாளத்துக்குப் போக அந்த இடத்துக்குப் பொண்ணுங்க வந்தாங்க, முதல் போர்லயும் இதேதான். 1946ல சில புக்குல பழைய கை திரும்பி வரும். சில புக்குல வராது, அதுக்கு அந்த ஆள் செத்துப் போயிட்டார்னு அர்த்தம் இல்ல, வேற கிளைக்குப் போயிருக்கலாம், ப்ரமோஷன் வாங்கியிருக்கலாம். இந்த மாதிரி இடத்துல கதை கட்டிடக் கூடாது. இந்த ஹாபியில இருக்கிற பெரிய வியாதியே அதுதான், ரெண்டு வரியைப் பார்த்துட்டு ஒரு நாவல் எழுதிடறது.

நோட்டு பத்தி எனக்கு அக்கறை இல்லன்னு சொன்னேன், ஒரு விதிவிலக்கு உண்டு. பேங்க் ஆஃப் இங்கிலாந்தோட வெள்ளை அஞ்சு பவுண்டு நோட்டு. அது அன்னைக்கு சாதாரண ஜனங்களுக்குப் பெரிய தொகை, கடையில நீட்டுனா பின்னாடி பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வாங்க. ஜெர்மன்காரன் சாக்ஸன்ஹவுசன் முகாம்ல கைதிகளை வச்சு அந்த நோட்டை அப்படியே போலியா அடிச்சான், நிலைமை அப்படி இருந்ததால 1943ல பத்து பவுண்டும் அதுக்கு மேல உள்ள நோட்டும் வெளியிடறதை பேங்க்கே நிறுத்திடுச்சு. பின்னாடி நாலஞ்சு கையெழுத்து விழுந்த நோட்டை நோட்டுக்காரங்க அழுக்குன்னு ஒதுக்குவாங்க, எனக்கு அது ஒரு தெருவோட வருகைப் பதிவேடு.

பணம் செல்லாமப் போற இடத்துலதான் இந்தக் காகிதங்களுக்கு உயிரே வருது. மலாயா, சிங்கப்பூர் கதை நம்மள்ல பல குடும்பத்துக்குத் தெரியும். 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்துச்சு, ஜப்பான்காரன் தன் டாலரை எறக்கினான், பத்து டாலர் நோட்டுல வாழைமரம் இருந்ததால வாழை நோட்டுன்னே பேர் ஆச்சு. ஆரம்பத்துல சீரியல் நம்பர் போட்டவன் பின்னாடி அதையும் விட்டுட்டு வெறும் எழுத்தை மட்டும் போட்டு அடிச்சுத் தள்ளினான். அப்பயே, 1942லயே, மலாயா சீன சமூகம் அஞ்சு கோடி டாலர் "அன்பளிப்பு" தரணும்னு கட்டளை, அலைஞ்சு திரட்டியும் 2 கோடியே 80 லட்சம்தான் தேறுச்சு, மிச்சம் 2 கோடியே 20 லட்சத்தை யோகோஹாமா ஸ்பீஷி பேங்க்ல கடன் வாங்கிக் கட்டினாங்க, அதாவது ஜப்பான்காரனுக்குக் குடுக்க ஜப்பான் பேங்க்லயே கடன்! 1945 செப்டம்பர்ல பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் வாழை நோட்டு செல்லாதுன்னுட்டான். சரி, செல்லாத நோட்டு போகட்டும், ஆனா போருக்கு முன்னாடி நல்ல டாலர்ல வாங்கின கடனை 1944ல வாழை நோட்டுல அடைச்சவன் கதி என்ன? கடன் அடைஞ்சதா, இல்லையா? வருஷக்கணக்கா இழுபறி. 1948ல ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்குன்னே ஒரு சட்டம் போட்டு, எந்தத் தேதியில கட்டின வாழை டாலர் நெஜ டாலர்ல எவ்வளவுன்னு ஒரு அட்டவணை வச்சாங்க, நாளாக ஆக மதிப்பு இறங்கிக்கிட்டே போகும். அப்ப பாருங்க, ஒரு ரசீதுல இருக்கிற தேதிக்கு என்ன மதிப்புன்னு. பத்து நிமிஷத்துல தூக்கிப் போட வேண்டிய துண்டுச் சீட்டு, அது இருந்தா ஒருத்தன் தப்பிச்சான், இல்லாட்டி மாட்டினான். அந்தக் காலத்து ரசீதுகளை மடிச்சு மடிச்சு, எண்ணெய்க் கறையோட, நாலா கிழிஞ்சும் பத்திரமா வச்சிருந்த குடும்பங்களுக்குக் காரணம் இதுதான்.

பர்மா இன்னும் வலிக்கிற விஷயம். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1937 பிப்ரவரியில ஆரம்பிச்சப்ப காரைக்குடி, சென்னையோட சேர்த்து ரங்கூன்லயும் ஒரே நாள்ல கதவைத் திறந்துச்சு, நம்ம ஜனங்க பணம் எங்க இருந்துச்சுங்கிறதுக்கு இதை விட சாட்சி வேணாம். நாலு வருஷம் பத்து மாசம். 1941 டிசம்பர் 23ல ரங்கூன் மேல ஜப்பான்காரன் குண்டு. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாவும் மணிப்பூர் வழியாவும் நடந்தாங்க. தூக்கிட்டு வரக்கூடியதுல எடை கொறைஞ்சது எது, காகிதம்தான். பாஸ்புக், புரோநோட்டு, நிலப் பத்திரம். வந்து சேர்ந்தப்ப கையில இருக்கிற காகிதத்துல ரங்கூன் கிளைன்னு முத்திரை இருக்கு, ரங்கூன்ல வேற கொடி பறக்குது. இந்த வகைக் காகிதம் விற்பனைக்கு வந்தா நான் வாங்குறதை விட, அந்தக் குடும்பமே வச்சிருக்கட்டும்னுதான் சொல்லுவேன். ஈழத்துப் போர்க்கால அடகுச் சீட்டு, பாஸ்புக் பத்தியும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாங்க, அது தனியா எழுத வேண்டியது, இங்க ஓரத்துல தொட்டுட்டுப் போக மனசு வரல.

ஹாங்காங் கதை கொஞ்சம் வேடிக்கையானது, கொடூரமும்தான். ஹாங்காங் ஷாங்காய் பேங்க் அதிகாரிகளைப் பிடிச்சு வச்சு, வெளியிடாம கிடந்த நோட்டுல ஜப்பான்காரன் கையெழுத்துப் போட வச்சான், கிட்டத்தட்ட 11 கோடியே 90 லட்சம் டாலர். கட்டாயத்துல போட்ட கையெழுத்து செல்லுமான்னு போருக்கு அப்புறம் பெரிய சர்ச்சை, 1946ல செல்லும்னு ஏத்துக்கிட்டாங்க. ஸ்டான்லி முகாம்ல அடைபட்டிருந்த வெள்ளைக்கார சிவிலியன்கள் கிடைச்ச துண்டுக் காகிதத்துல செக்கும் கடன் சீட்டும் எழுதிக் குடுத்து கள்ளச் சந்தையில சாப்பாடு வாங்கியிருக்காங்க. செக்குன்னா அச்சடிச்ச தாள்லதான் இருக்கணும்னு சட்டத்துல கிடையாது. அடைபட்ட ஆள், எப்ப வெளிய வருவான்னே தெரியாது, அவன் கிறுக்கின சீட்டை நம்பி ஒருத்தன் பால் டின் குடுக்கிறான்னா, அந்தச் சீட்டை பேங்க் காகிதம்னு சொல்றதா நம்பிக்கைப் பத்திரம்னு சொல்றதா.

அமெரிக்கா பக்கம் சேமிப்புப் பத்திரம் குவிஞ்சு கிடக்கும். சீரீஸ் ஈ பத்திரம், 1941 மே மாசம் வந்துச்சு, 18.75 டாலர் குடுத்தா பத்து வருஷத்துல 25 டாலர். அவ்வளவு முடியாதவங்களுக்கு 25 சென்ட் ஸ்டாம்ப், ஒரு சின்ன ஆல்பத்துல ஒட்டிக்கிட்டே வரணும், 75 ஸ்டாம்ப் சேர்ந்தா சரியா 18.75, குடுத்து பத்திரமா மாத்திக்கலாம். ஸ்கூல் பிள்ளைங்க நெறைய ஒட்டினாங்க. நான் முழுசா ஒட்டின ஆல்பம் தேடுறது இல்ல, முழுசானது பத்திரமா மாறிப் போயிருக்கணும்ல. பாதியில நிக்கிறதுதான் கைக்கு வரும். என்கிட்ட ஒண்ணு இருக்கு, முதல் ரெண்டு பக்கம் கட்டம் தாண்டாம நேரா ஒட்டியிருக்கு, மூணாவது பக்கம் கோணல் மாணல், நாலாவதுல ரெண்டே ரெண்டு, அதுலயும் ஒண்ணை உரிக்கப் பார்த்த தடம். மிட்டாய்க்கு உரிச்சிருப்பானோ என்னவோ.

அதே அமெரிக்காவுல அதே 1941 டிசம்பர்ல கலிஃபோர்னியாவுல இருந்த ஜப்பான் பேங்க் கிளைகளை அரசாங்கம் பூட்டிடுச்சு. அங்க காசு போட்டிருந்தவங்க பல பேர் ஜப்பான் வம்சத்து அமெரிக்கவாசிகள், அவங்களையே அடுத்த வருஷம் முகாம்ல கொண்டுபோய் வச்சாங்க. டெபாசிட் சீட்டு கையில இருந்தவங்களோட கேஸ் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் 1967லதான் அவங்க பக்கம் தீர்ப்பாச்சு. ஹவாயில இன்னொரு கூத்து, ஜப்பான் வந்து பிடிச்சுட்டா டாலர் போயிடும்னு பயந்து 1942 ஜனவரியில தனி ஆள் 200 டாலருக்கு மேல ரொக்கம் வச்சிருக்கக் கூடாதுன்னு உத்தரவு, வாங்கின பழைய நோட்டை எல்லாம் பிணம் எரிக்கிற இடத்துலயும் சர்க்கரை ஆலை உலையிலயும் போட்டு எரிச்சாங்க.

போர் முடிஞ்சதும் கணக்கு முடிஞ்சிடல, சொல்லப் போனா சேமிச்சவங்களுக்கு அடி அப்புறம்தான் விழுந்துச்சு. ஜெர்மனியில 1948 ஜூன்ல காசை மாத்தினப்ப சேமிப்புல இருந்த 100 ரைஷ்மார்க் (பழைய காசு) கடைசியில 6.50 புது மார்க்கா சுருங்கிடுச்சு. அந்த மாற்றம் நடந்த பாஸ்புக் கையில இருந்தா ஒரு தடவை பாருங்க, ஒரு வரியில நாலு இலக்கம், அடுத்த வரியில ரெண்டு இலக்கம், நடுவுல ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஜப்பான்ல 1946 பிப்ரவரியில டெபாசிட்டை முடக்கிட்டு, குடும்பத் தலைவருக்கு மாசம் 300 யென், மத்தவங்களுக்கு ஆளுக்கு 100 யென்தான் எடுக்கலாம்னாங்க, புது நோட்டு அடிச்சு முடியாததால பழைய நோட்டு மேலயே சின்ன ஸ்டாம்ப் ஒட்டி விட்டாங்க. இந்தியாவுல அதே வருஷம் ஜனவரி 12ல 500, 1000, 10,000 ரூபா நோட்டு செல்லாதுன்னு அவசரச் சட்டம், மாத்தப் போறவங்க ஃபார்ம் நிரப்பிக் குடுக்கணும், எப்படி வந்துச்சு, ஏன் கையில வச்சிருந்தேன்னு எல்லாம். கேள்விப்பட்ட மாதிரி இருக்குல்ல? பிரிட்டன்ல போர்க்கால வருமான வரியில ஒரு பங்கை அப்புறம் திருப்பித் தர்றோம்னு சான்றிதழ் குடுத்தாங்க, கடைசிப் பணம் கைக்கு வந்தப்ப 1970கள் ஆயிடுச்சு. அந்தச் சான்றிதழ் எல்லாம் பணமாகாமயே இன்னும் பெட்டியில இருந்து கிளம்பி வருது.

இவ்வளவு நேரம் பேங்க் காகிதம் பொய் சொல்லாதுங்கிற மாதிரி பேசிட்டேன், அதுக்கு எதிரா ஒண்ணை வச்சாகணும். தெரேசியன்ஸ்டாட். நாஜிகள் யூதர்களை அடைச்சு வச்ச கெட்டோ. அங்க ஒரு பேங்க் நடத்தினாங்க, 1943 ஜனவரி 1 தேதி போட்ட ஏழு வகை நோட்டு, மோசஸ் படத்தோட, ஆளுக்கு சேமிப்புக் கணக்கு, வரவு எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கும். அந்தக் காசுக்கு ஒண்ணும் வாங்க முடியாது. வெளியில இருந்து வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கு ஒரு ஜோடனை, 1944 ஜூன்ல செஞ்சிலுவைக்காரங்க வந்து பார்த்துட்டும் போனாங்க. கூட்டல் சரியா இருக்கும், பேலன்ஸ் சரியா இருக்கும், மொத்தமும் பொய். அதனால எந்தக் காகிதத்தையும் தனியா நம்பக் கூடாது, யார் எழுதினது, யார் பார்க்கிறதுக்கு எழுதினதுன்னு கேக்கணும். அந்தக் கெட்டோ காகிதமும், யூதர்களோட முடக்கப்பட்ட கணக்கு லெட்டர்களும் ஏலத்துல வருது. நான் வாங்குறது இல்ல. அது ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியது. சுவிஸ் பேங்க்ல செத்துப்போனவங்க கணக்கைக் கேட்டுப் போன பிள்ளைங்ககிட்ட இறப்புச் சான்றிதழ் கேட்டாங்கன்னு படிச்சிருப்பீங்க, கடைசியில 1998ல 125 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. ஒரு பழைய டெபாசிட் சீட்டு இன்னொருத்தருக்கு இன்னும் உரிமையா இருக்க வாய்ப்பு உண்டு, அது என் ஆல்பத்துல பிளாஸ்டிக் உறைக்குள்ள இருக்கிறது சரியா படல.

பேர் விஷயத்துலயும் எனக்கு ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கேன், படம் போட்டா பேரையும் கணக்கு நம்பரையும் மறைச்சுட்டுதான் போடுவேன். எண்பது வருஷம் ஆச்சு, யாருக்கு என்னன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க. ஒருத்தரோட கடனை ஊருக்குக் காட்டுறதுக்கு எண்பது வருஷம் போதுமான்னு எனக்குத் தெளிவா இல்ல, மறைக்கிறதுல எனக்கு நஷ்டமும் இல்ல.

இதெல்லாம் ஏன் இவ்வளவு கொறைவா மிஞ்சிச்சுன்னா, பாதிக் காரணம் போரேதான். பிரிட்டன்ல பழைய காகிதத்தை எல்லாம் போடுங்க, குண்டுக்கும் பெட்டிக்கும் அட்டை பண்றோம்னு வீடு வீடா வாங்கினாங்க, பழைய பேரேடு, லெட்டர்னு எத்தனையோ பரம்பரைக் காகிதம் கூழாப் போச்சு. மிச்சத்தை பேங்குங்க காலக்கெடு முடிஞ்சதும் எரிச்சாங்க. அப்புறமும் தப்பிச்சதை இப்ப விக்கிறவங்க கெடுக்கிறாங்க. சமீபத்துல ஏலத்துல ஒருத்தர், பேர் வேணாம், ஒரே குடும்பத்தோட ஏழு வருஷ செக்கை ஒவ்வொண்ணா பிரிச்சு தனித்தனியா வித்தார், அடிக்கட்டை எல்லாம் எங்கன்னு கேட்டா குப்பைன்னு போட்டுட்டேன்னார். வயித்தெரிச்சல். இன்னும் சில பேர் முத்திரை இருக்கிற மூலையை மட்டும் வெட்டி ஸ்டாம்ப்காரங்களுக்கு வித்துடுவாங்க. ஒரு நல்ல விஷயம், போலி பயம் இல்ல. நோட்டுக்கு போலி நெறைய சுத்துது, ஆனா அடிக்கட்டையை யாரு போலியா அடிப்பா, அச்சுக்கூலிகூட தேறாது.

வீட்ல இந்த மாதிரி ஏதாவது இருந்தா, முதல்ல செய்ய வேண்டியது ஒண்ணும் செய்யாம இருக்கிறதுதான். லேமினேட் பண்ணாதீங்க, தயவு செஞ்சு. செல்லோ டேப் வேணாம், அது மஞ்சளாகி மசியையும் சேர்த்து எடுத்துடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தா மெதுவா கழட்டிடுங்க, போர்க்காலத் தாள் ஏற்கெனவே அமிலம் கூடின மட்டமான தாள், துரு பட்டா ஓட்டை விழுந்துடும். பிவிசி உறையில போடாதீங்க, பாலியஸ்டர் உறை நல்லது, அதுவும் கிடைக்கலன்னா அமிலம் இல்லாத வெள்ளைத் தாளுக்கு நடுவுல படுக்கப் போட்டு வைங்க. எழுதணும்னா பின்னாடி பென்சில்ல, அழுத்தாம. முக்கியமா அடிக்கட்டையை அட்டையில இருந்து பிரிச்சிடாதீங்க, எது முன்னாடி எது பின்னாடிங்கிற வரிசை போயிடுச்சுன்னா கறுப்புத் துணி எப்ப, கூரை எப்பன்னு அப்புறம் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நடுவுல ஏதாவது பஸ் டிக்கெட்டு, மளிகை லிஸ்ட்டு சொருகியிருந்தா அதையும் எந்தப் பக்கத்துல இருந்துச்சோ அங்கயே விட்டுடுங்க.